பேணிக்குள் இருந்த நாலு பிளக்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டோ எழுதினனீர்?" என்று கேட்பார். கேட்கக்கூடிய இடத்தில் இப்போது இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. இருந்தாலும் பயம் பயம்தான். புங்குடுதீவு மடத்துவெளியில் அவரை எல்லோரும் கார்க்கார அக்கா என்றார்கள். அந்தப் பெயரே இங்கேயும் இருக்கட்டும்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் நான் நின்றேன். வேலணையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். வாடிக்கைக்காரர் காரின் பெயரைச் சொல்வார்கள், நான் பெட்டியை எடுத்து வைப்பேன், திறந்துகூடப் பார்க்காமல் கொண்டு போவார்கள். நான் சொன்னால் சரி என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அவர் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. கைத்தறிச் சேலை, தோளில் தோல் பை. பையிலிருந்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்து விரித்தார். உள்ளே கறுத்துப்போன பழைய பிளக் ஒன்று இருந்தது, எஞ்சினுக்குள் நெருப்புப்பொறி தட்டுகிற சாமான்.

"ஏ போட்டிக் காருக்கு நாலு பிளக் வேணும் தம்பி. இதைப்போலை."

"அது எனக்குத் தெரியும் அக்கா. பழசைக் கொண்டு திரியத் தேவையில்லை."

"ஆர் சொன்னது?"

அதுதான் நான் கேட்ட முதல் "ஆர் சொன்னது". பிறகு நூறு தடவை கேட்டிருப்பேன். கோபமாகக் கேட்கமாட்டார். உண்மையிலேயே அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறவர் போலக் கேட்பார்.

நான் வைத்த புதுப் பிளக்கைப் பழையதோடு ஒட்டிப் படுக்கவைத்து, திருகிப் பூட்டுகிற மரை முடிகிற இடத்தில் நகத்தை வைத்தார். "இது கட்டை."

"மரை ஒண்டுதான். பூட்டலாம்."

"பூட்டலாம். பூட்டினாப் பிறகு துளைக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு நிக்கும். நெருப்பு உள்ளுக்கை போகவேணும் தம்பி. வாசல்லை நிண்டு எட்டிப் பாக்கிறதுக்கே நான் காசு தாறன்?"

நான் எடுத்தது பிழையான பெட்டி. அதை ஒத்துக்கொள்ளாமல், தூசி தட்டுகிற சாட்டில் சரியான பெட்டியை இறக்கினேன். அவர் பையிலிருந்து விரலளவு நீளமான இரும்பு வெட்டும் வாளின் முறிந்த அலகு ஒன்றை எடுத்தார். அந்தத் தகட்டைப் பிளக்கின் முனைக்கும் வளைந்த நாக்குக்கும் இடையே செருகுவார். உராய்ந்துகொண்டு நுழைந்தால் சரி. தானாக விழுந்தாலோ இறுகி நின்றாலோ அந்தப் பிளக்கை என் பக்கம் தள்ளிவிடுவார். பன்னிரண்டில் நாலைத் தெரிவு செய்வதற்குள் என் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

அடுத்தது வயர். பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகிற தடித்த வயர்.

"புது மாதிரி வந்திருக்கு அக்கா. இதைப் போட்டா ரேடியோ இரையாது."

"என்ரை காரிலை ரேடியோ இல்லை. இவர்தான் இருக்கிறார். இவரும் கதைக்கிறேல்லை."

வாசலில் குடையோடு நின்ற அவருடைய புருஷனைப் பார்த்தேன். மெல்லச் சிரித்தார். தெற்கே ஒரு பட்டினத்தில் பெரிய கடை வைத்திருந்தவர். கடை எரிந்த நாளிலிருந்து அவருடைய இரண்டு கைகளும் நடுங்கின. மடத்துவெளியில் கிடுகுக் கொட்டிலுக்குள் அக்காவின் தகப்பன் விட்டுப்போன கார் நின்றது, ஓட்ட ஆளில்லை. அந்த வயதில் அக்கா ஓட்டப் பழகி, வாடகைக்கு ஓடினார். பொம்பிளைகள் கார் ஓட்டக்கூடாது என்று தீவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று அவர் கேட்டிருப்பார், வேறென்ன.

"இதுக்குள்ளை என்ன இருக்கு?"

"கரி நூல்."

"வெட்டிக் காட்டும்."

"வெட்டினா ஆர் வாங்கிறது?"

நான் சொல்லி முடிக்கவில்லை. பையிலிருந்து சவரப் பிளேட்டை எடுத்து வெட்டிவிட்டார். உள்ளே கறுப்பு நூல். வெட்டிய துண்டை இரண்டு தரம் மடக்கி நிமிர்த்தி, மேல்தோலை உரித்து என் முன்னால் நீட்டினார். நூல் முறிந்திருந்தது.

"பாரும். வெளியிலை ஒரு கீறல் இல்லை. உள்ளுக்கு ஆள் செத்துப்போச்சு."

கடைசியில் பின்னறையில் கிடந்த பழைய சுருளை எடுத்து வந்தேன். அதையும் வெட்டினார். உள்ளே செம்பு மின்னியது. அதில் பிளக்குகளுக்கு நாலும் நடு வயருக்கு ஒன்றுமாக ஐந்து துண்டு அளந்து வாங்கினார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து நானும் வயரை வெட்டிப் பார்க்காமல் விற்கவில்லை.

சில வருடங்களில் அரசாங்கத்தின் பெற்றோல் தடை வந்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஊரை மூடும். இரண்டு ஓட்டத்துக்குள் பிளக் நாலும் கரி பிடித்துச் சாகும். கழற்றி, அடுப்புத் தணலில் சுட்டு, அரத்தாளால் தேய்த்துத் திரும்பப் பூட்டவேண்டும். அடுப்பில் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் பிளக் சுட்ட ஊர் எங்களுடையது.

அப்போதுதான் பேணி வந்தது. பால்மா அடைத்து வந்த தகரப் பேணி. அக்கா காருக்கு நாலு நாலாக இரண்டு கூட்டம் பிளக் வைத்திருந்தார். ஒன்று காரில் எப்போதும் பூட்டியிருக்கிற கரிக்கூட்டம். மற்றது பேணிக்குள், உப்புக்காற்று படாமல் அரிசிக்குள் புதைத்துவைத்த புத்தம் புது நாலு. கூடவே ஒரு சாராயப் போத்தல் நிறையச் சுத்தமான பெற்றோல், மெழுகால் அடைத்தபடி. இந்த இரண்டையும் முன்சீற்றுக்குக் கீழே வைத்திருந்தார். பிள்ளைப்பேற்றுக்கும் விஷக்கடிக்கும் மட்டும்தான் பேணி திறக்கும். வேறு எதற்கும் திறக்காது.

இதற்குப் பின்னால் ஒரு சோகக்கதை இருக்கவேண்டும் என்று சனம் முடிவுகட்டியது. பிள்ளையொன்றைப் பறிகொடுத்தவர் என்றார்கள். ஒருத்தி நேரேயே கேட்டாளாம். "எனக்கு மூண்டும் சுகமாத்தான் பிறந்தது. மூண்டும் கனடாவிலை கொழுத்துப்போய் இருக்குதுகள். கார் வைச்சிருக்கிறவள் ஓடவேண்டிய நேரத்திலை ஓடவேணும். இதுக்கு ஒரு கதை வேணுமோ?" என்று அக்கா கேட்டாராம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவருடைய ஆட்கள், ஊர்வலத்தில் புகை வரக்கூடாது, பேணியைத் திறக்கவேண்டும் என்று வந்து நின்றார்கள். "புகை பட்டா மாப்பிள்ளை கறுத்துப்போவாரோ?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் துவக்கோடு இரண்டு இயக்கப் பொடியள் வந்து காரையே கேட்டார்கள். "ஓம், கொண்டு போங்கோ. ஒருக்காத் தண்ணி பாத்துவிடுறன்" என்று முன்மூடிப் பொனற்றைத் திறந்து, நடு வயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கார்த் திறப்பைக் கொடுத்தார். அவர்கள் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டார்கள்.

"கார் வேலை செய்யேல்லை அக்கா."

"எனக்கு வேலை செய்யும். ஆருக்காவது சுகமில்லையோ?"

"இல்லை."

"அப்ப சைக்கிளே காணும், கார் என்னத்துக்கு?"

இதையெல்லாம் கேட்டு நானும் கடையில் நின்று சிரித்திருக்கிறேன். என் முறை வரும்வரைக்கும்.

எனக்குக் குவைத்தில் வேலை சரிவந்தது. புறப்படுகிற நாள் பின்னேரம் மூன்று மணிக்குப் பட்டினத்திலிருந்து கொழும்புக்கு பஸ், அதை விட்டால் அடுத்தநாள் பிளேனும் இல்லை. போகமுன் நயினாதீவு அம்மனிடம் ஒருக்கால் போய்வா என்றார் அம்மா. தீவாருக்கு அது எழுதாத சட்டம். அம்மனிடம் சொல்லாமல் யாரும் கடல் தாண்டமாட்டார்கள். அன்று காலையில் போய்க் கும்பிட்டு, வள்ளத்தில் புங்குடுதீவுக் குறிகட்டுவானுக்குத் திரும்பினேன். துறையில் அக்காவின் கார் நின்றது. பன்னிரண்டு மணி. நேரம் தாராளம் என்று ஏறினேன். முன்னால் அக்காவும் புருஷனும், பின்னால் நான்.

புங்குடுதீவிலிருந்து வேலணைக்குப் போகிற பாலத்தின் நட்டநடுவில் கார் இருமி நின்றது. இரண்டு பக்கமும் கடல். காற்று அடிக்கிறது, வேறு வாகனம் ஒன்றும் வரவில்லை. அக்கா இறங்கிப் பொனற்றைத் திறந்தார். நாலு பிளக்கும் கரி. நிலத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, முதலாவதைத் தேய்க்கத் தொடங்கினார்.

அரை மணித்தியாலம் பொறுத்தேன். பூட்டி முறுக்கினார், கிளம்பவில்லை. திரும்பவும் கழற்றினார். என் கண்ணுக்கு முன்னால், சீற்றுக்குக் கீழே பேணி இருக்கிறது.

"அக்கா, அதைப் போடுங்கோவன். பட்டினத்திலை இறக்கிவிட்ட உடனை கழற்றி வையுங்கோ."

"உமக்கு வயித்துக்குள்ளை பிள்ளை கிடக்கோ?"

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"பாம்பு கடிச்சதோ?"

"என்ரை வாழ்க்கை போகுது அக்கா."

"வாழ்க்கை போகாது. பஸ்தான் போகும்."

நான் கத்தினேன். சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். கடை எரிந்த ஆட்களுக்கு மற்றவன் முன்னேறினால் பிடிக்காது என்றுகூடச் சொன்னேன். முன்சீற்றில் இருந்த புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அரத்தாளை மடித்து, இரண்டாவது பிளக்கை எடுத்தார்.

பட்டினத்துக்கு வரும்போது நாலரை. பஸ் போய்விட்டது. அந்த வேலைக்கு வேறொருவன் போனான்.

அன்றைக்கே யாரோ ஒருத்தி வலியில் துடித்து, அந்தப் பேணியால் பிழைத்தாள் என்றிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தேன். அடுத்த நாலு மாதம் பேணியை யாரும் திறக்கவில்லை. நாலு மாதம் அந்தப் பிளக்குகள் அரிசிக்குள் சும்மா கிடந்தன, நான் திரும்பவும் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன்.

வஞ்சம் மனதில் கிடந்தது. இரண்டு மூன்று வருடம் கழித்து, தீவை விட்டு நாங்கள் எல்லோரும் வெளிக்கிடுவதற்குக் கொஞ்சம் முந்தி, அவர் கடைக்கு வந்தார். லேஞ்சியை விரித்தார். பேணிப் பிளக்கில் ஒன்று. வெள்ளைப் பீங்கானில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு.

"ஒண்டே ஒண்டு தந்தாக் காணும் தம்பி."

"இல்லை அக்கா. முடிஞ்சுது."

"ஆர் சொன்னது?"

அவர் மேல்தட்டைப் பார்த்தார். அந்தப் பெட்டி அங்கேதான் இருந்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் ஒத்துக்கொள்ள வாய் விடவில்லை.

"அது வேறை ஆளுக்குச் சொல்லி வைச்சது."

ஒருவருக்கும் சொல்லி வைக்கவில்லை. அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். வாதாடுவார் என்று காத்திருந்தேன். அவர் லேஞ்சியை முடிந்து பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வாதாடாமல் போனதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு சண்டை நெருங்கத் தீவு வெறிச்சோடியது. அக்காவும் புருஷனும் கடைசியாக வெளிக்கிட்ட ஆட்களோடு வந்ததாகக் கேள்விப்பட்டேன். காரை விட்டுவிட்டார். விடமுன் பொனற்றைத் திறந்து பிளக் நாலையும் வயர் ஐந்தையும் கழற்றி எடுத்தாராம். சனம் நகையும் காணி உறுதியும் தூக்கிக்கொண்டு வர, அவர் பேணியும் போத்தலும் தூக்கி வந்திருக்கிறார். "கார் நிக்கட்டும். ஒருத்தனும் ஓடமாட்டான்" என்றாராம்.

எங்கள் கடையும் மூடப்பட்டது. நான் கலியாணம் செய்து, புத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டின் பாதியில் குடியிருந்தேன். மூன்று ஒழுங்கை தள்ளி அக்கா இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்த ஒழுங்கையால் போவதை விட்டுவிட்டேன்.

மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. ஒருநாள் காலை பத்து மணியளவில் வலி வந்தது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. "பிள்ளை குறுக்கை கிடக்கு. இஞ்சை வைச்சிருக்க ஏலாது. பட்டினத்துக்குப் பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. சுணங்கினா ரெண்டும் இல்லை."

பக்கத்து வளவில் வாடகைக்கு ஓடுகிற ஏ போட்டி ஒன்று நின்றது. மனைவியைப் பின்சீற்றில் கிடத்தினோம். சாரதி முறுக்கினார், கிளம்பவில்லை. தள்ளினோம். ஒழுங்கை நீளத்துக்குத் தள்ளினோம், திருப்பித் தள்ளினோம். மண்ணெண்ணெய் மணமும் மனைவியின் முனகலும்தான். பிளக்குக்கு அப்போது யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் வழியில்லை. எனக்குப் பேணி நினைவுக்கு வந்தது. மேல்தட்டுப் பெட்டியும் நினைவுக்கு வந்தது. எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நான் போகத் தேவைப்படவில்லை. ஒழுங்கை முடக்கில் அவர் வந்துகொண்டிருந்தார். ஒரு கக்கத்தில் பேணி, மறு கையில் போத்தல், தோளில் அதே பை.

"தள்ளுற சத்தம் கேட்டுது" என்றார். பின்சீற்றை எட்டிப் பார்த்தார். "பிள்ளை, பயப்பிடாதை. வெளிக்கிடுவம்."

சாரதி தடுத்தார். "அக்கா, இது என்ரை கார். பொம்பிளையள் கை வைச்சா..."

"ஆர் சொன்னது? தள்ளி நில்லும்."

வயர்களைப் பிடுங்கினார். ஒன்றை மடக்கி, உள்நூல் முறிந்திருக்கிறதா என்று காதோரம் வைத்துக் கேட்டார். எறிந்தார். பைக்குள்ளிருந்து தன்னுடைய ஐந்தையும் எடுத்தார். என் கடையில் வெட்டி வாங்கிய அதே செம்பு வயர். பிறகு பேணியைத் திறந்து அரிசியைக் கிளறினார்.

மூன்று பிளக் வந்தன.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மூன்றையும் பூட்டிவிட்டு, சாரதியின் கரிப் பிளக்குகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தேய்த்தார். அலகைச் செருகிப் பார்த்தார். சரியில்லை. இன்னொன்றை எடுத்தார். மனைவி அலறினாள். கெதியா அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், பாலம் நினைவு வந்தது, மூடிக்கொண்டேன். தகடு உராய்ந்து நுழைந்தபிறகுதான் அதைப் பூட்டினார். பெற்றோலை ஊற்றி, தானே ஸ்ரியரிங்கில் ஏறி முறுக்கினார்.

பிடித்தது. ஆனால் சீராக இல்லை. மூன்று அடி ஒழுங்காக அடித்து, நாலாவது அடி விக்கியது. பத்து மைலும் அப்படித்தான் போனோம். ஒவ்வொரு விக்கலுக்கும் கார் குலுங்க, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் கையை இறுக்கினாள். அந்த நாலாவது அடி நான் செய்த வேலை. அதை எனக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் தேவைப்படவில்லை. அவமானத்தில் அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள்.

போய்ச் சேர்ந்தோம். வயிற்றை வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. இரண்டு உயிரும் தப்பின.

செய்தியோடு முற்றத்துக்கு ஓடி வந்தேன். அக்கா பொனற்றுக்குள் குனிந்து நின்றார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்கப் பிளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாரதி அழாக்குறையாக நின்றார்.

"என்ன அக்கா இது? நான் எப்பிடி வீட்டை போறது?"

"உம்மடை பிளக்கிலை போம்."

"அதிலை கார் பிடிக்காதே."

"தேய்ச்சா பிடிக்கும். உமக்கு வயித்துக்குள்ளை பிள்ளை இல்லைத்தானே?"

நான் பெண் பிள்ளை என்றேன். "நல்லது" என்றார். பேணியை என்னிடம் நீட்டினார். "இதைப் பிடியும், கை சுடுகுது." மூன்றும் ஆறும்வரை காத்திருந்து அரிசிக்குள் புதைத்தார். பிறகுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த மேல்தட்டுப் பெட்டி என்னாச்சு தம்பி?"

"தெரியாது அக்கா. கடையோடை போச்சு." பேணியின் மூடியை அழுத்தி மூடினேன். "நான் அண்டைக்குச் சொன்னது பொய்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். எனக்கு ஒண்டு வேணும். அடுத்த பெட்டை எந்த நேரம் துடிப்பாள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஒரு மாதம் சைக்கிளில் திரிந்தேன். கோழிக்கூடாகிப்போன கார்களின் பொனற்றுக்குள்ளெல்லாம் தலையை விட்டேன். சாவகச்சேரிப் பக்கம் ஒரு வளவில், பாவித்து முடியமுன் கைவிட்ட ஏ போட்டி ஒன்றில் கிடைத்தது. மரையை நகத்தால் அளந்தேன். பீங்கானை வெயிலில் பிடித்து வெடிப்புத் தேடினேன். லேஞ்சியில் முடிந்து கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நல்ல பிளக் அக்கா."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

"நீர் சொன்னனீரோ? அப்ப வடிவாப் பாக்கத்தான் வேணும்" என்று, அலகைத் தேடி எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார்.